‘300 டிகிரி தாங்கும்’ பாலியூரித்தேன்: ஒரு வரியைத் திருத்த வேண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலை உதிரிபாகங்களுக்கென உருவாக்கப்படும் வெப்பம் தாங்கும் பாலியூரித்தேன் எலாஸ்டோமர்கள் (இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் ரப்பர் போன்ற பொருள்கள்) குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையை இணையம் வழியே டர்பனில் இருந்து படித்தேன். செருப்பின் அடிப்பகுதி, கைப்பேசியின் உறை என்று அன்றாடம் கையில் படும் ஒரு பொருளின் உள்ளமைப்பைத் தமிழில் விளக்க ஒருவர் முன்வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. கட்டுரையின் பெரும்பகுதியும் சரியானதே. ஆயினும், ‘இப்புதிய வெப்ப இளகு எலாஸ்டோமர் 300 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்’ என்ற ஒரு வரி பிழையான பொருளைத் தருகிறது. அதைத் திருத்தும்படி வேண்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு வரிக்காக இவ்வளவு நீண்ட கடிதமா என்று தாங்கள் நினைக்கக்கூடும். டர்பனின் தெற்கே ஜேக்கப்ஸ் பகுதியில் உள்ள ஒரு சிறிய வார்ப்புக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாலியூரித்தேன் பாகங்களை வார்ப்பதும் அவற்றைச் சோதித்துச் சான்றளிப்பதும் என் வேலை. சர்க்கரை ஆலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணியாற்றும் என் மைத்துனர் அந்தக் கட்டுரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, ‘300 டிகிரி தாங்குவது உலகில் இருக்கும்போது நீங்கள் ஏன் அத்தான் இன்னும் 80 டிகிரி, 100 டிகிரி என்றே விலைப்புள்ளி தருகிறீர்கள்?’ என்று கேட்டிருந்தார். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. அந்த எண்ணை அப்படியே தமது அடுத்த கொள்முதல் ஆணையில் எழுதிவிடவும் எண்ணியிருந்தார். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையில் இருந்து கொண்டுவந்து இறக்கிய முதல் கூட்டத்துக்குப் பின்னே அலையலையாகக் கரும்பு வெட்ட வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள். இன்று அதே ஆலைகளுக்கு உதிரிபாகம் வாங்குபவர் அவர், செய்து கொடுப்பவன் நான். எங்கள் வீட்டில் தமிழ் நாளிதழில் அச்சாகிவிட்ட சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்பதால்தான் இந்தத் திருத்தத்தைத் தங்களிடமே கேட்கிறேன்.

முதலில், அந்த 300 எங்கிருந்து வந்திருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடங்களில் வெப்ப எடையிழப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. சில மில்லிகிராம் எடையுள்ள ஒரு துணுக்கை நுட்பமான தராசில் வைத்து, சுற்றிலும் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, வழக்கமாக நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றிக்கொண்டே போவார்கள். துணுக்கின் எடை ஐந்து விழுக்காடு குறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைச் சிதைவு தொடங்கும் வெப்பநிலை என்பார்கள். பாலியூரித்தேன்களில் பலவற்றுக்கு அந்த இடம் 300 டிகிரியை ஒட்டியே வரும். புதிய கண்டுபிடிப்புக்கு மட்டும் உரிய சிறப்பு அன்று, கடையில் வாங்கும் சாதாரண வகைக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். முப்பது டிகிரியில் தொடங்கி 300-ஐ எட்ட அந்தத் துணுக்குக்கு ஆவது 27 நிமிடம். அதன்மேல் எந்தச் சுமையும் இல்லை, எண்ணெய் இல்லை, நீராவி இல்லை, காற்றின் ஆக்சிஜன்கூட இல்லை. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்துச் சர்க்கரை ஆலைகளில் அரவைப் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீளும். எட்டு மாதம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பாகம் ஏறத்தாழ 5,800 மணி நேரம் இடைவிடாமல் வெப்பத்திலும் சுமையிலும் இருந்தாக வேண்டும். உண்மையில், அந்தத் துணுக்கு எடையை இழக்கத் தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே, 200 டிகிரியை ஒட்டிய இடத்திலேயே, தன் வடிவத்தை முற்றிலும் இழந்து குழம்பாகிவிட்டிருக்கும். ஆய்வுக் கட்டுரையாளர்கள் இந்தச் சோதனையைச் செய்வதில் தவறேதும் இல்லை; தீயில் பொருள் எப்படி நடந்துகொள்ளும், எந்தச் சேர்மம் சிதைவைத் தள்ளிப்போடுகிறது என்பவற்றை அறிய அது பயன்படும். ‘300 டிகிரியில் எடையிழக்கத் தொடங்குகிறது’ என்பது ‘300 டிகிரி தாங்கும்’ என்று பெயர்க்கப்படும் இடத்தில்தான் பிழை நேர்கிறது.

பாலியூரித்தேன் ஏன் இளகுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தே பிறக்கின்றன. வேதியியலாளர் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஐசோசயனேட் எனும் வினைத்திறன் மிக்க சேர்மத்தையும் ஆல்ககால் தொகுதி கொண்ட சேர்மத்தையும் இணைத்து யூரித்தேன் எனும் பிணைப்பை உருவாக்கும் வழியைக் கண்டார்கள். உருக்கி வார்க்கக்கூடிய எலாஸ்டோமராக அது வளர்ந்தது 1950-களில், அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் சார்ல்ஸ் ஷோலன்பெர்கர் செய்த பணி அதில் முக்கியமானது. சங்கிலிகளை ஒன்றோடொன்று ஆணியடித்தாற்போல நிறுத்தும் நிரந்தரக் குறுக்குப் பிணைப்பு இல்லாமலேயே ரப்பரைப் போல நடந்துகொள்ளும் இப்பொருளை, ‘குறுக்குப் பிணைப்பு இருப்பது போன்ற’ எலாஸ்டோமர் என்று அவர் குழுவினர் 1958-இல் விவரித்தார்கள். உள்ளே கடினமானதும் மென்மையானதுமாக இரண்டு பகுதிகள் தனித்தனியாக இருக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் கூப்பரும் டொபோல்ஸ்கியும் 1966-இல் விளக்கினார்கள்.

இதைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் பந்தலைக் காட்டித்தான் விளக்குவேன். மூங்கிலும் கயிறும் கொண்டு கட்டிய பழைய கல்யாணப் பந்தலை எண்ணிப் பாருங்கள். (இங்கே இப்போது இரும்புக் குழாய்க் கூடாரம்தான் வருகிறது, பந்தலைத் தாத்தாக்களின் நிழற்படங்களில் மட்டுமே காட்ட முடிகிறது.) அதில் காற்றுக்கு ஆடி அசைந்து கொடுப்பது மேலே விரித்த துணி, முழுவதையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது முடிச்சு. பாலியூரித்தேன் சங்கிலியில் நீண்டு நெளியும் மென்பகுதி அந்தத் துணி. ஐசோசயனேட்டும் குட்டையான டையாலும் (இரு ஆல்ககால் தொகுதிகள் கொண்ட சேர்மம்) மாறிமாறிச் சேர்ந்த கடினப் பகுதிகள், ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக் கொத்துக்கொத்தாக நிற்கும் முடிச்சுகள். சாதாரண வல்கனைஸ் செய்த ரப்பரில் முடிச்சு இல்லை, பற்றவைப்புத்தான். சூடேற்றினால் அது அவிழாது, கருகவே செய்யும். பாலியூரித்தேனில் சூடேற்றினால் முடிச்சு அவிழும், ஆறவைத்தால் மீண்டும் விழும். அதனால்தான் குருணையாக வாங்கி, உருக்கி, அச்சில் செலுத்தி, அரை நிமிடத்தில் ஒரு பாகத்தை எடுக்க முடிகிறது. கழிவை அரைத்து மீண்டும் உருக்கவும் முடிகிறது. வார்க்கும் இயந்திரத்தில் அவிழும் அந்த முடிச்சு ஆலையின் வெப்பத்தில் மட்டும் அவிழாமல் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். வெப்பம் தாங்கும் வகைகளை உருவாக்கும் முயற்சி முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

எனில் முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டால் போதாதா என்ற கேள்வி எழும். இங்கேதான் இயற்கை ஒரு வேலியைப் போட்டிருக்கிறது. வழக்கமான வகையில், எம்டிஐ எனப்படும் டைஃபினைல்மீத்தேன் டைஐசோசயனேட்டும் பியூட்டேன்டையாலும் சேர்ந்த கடினப் பகுதி உருகுவது 200 டிகிரியை ஒட்டிய எல்லையில். அதே ஐசோசயனேட்டும் ஆல்ககாலும் கைகோத்து உண்டான யூரித்தேன் பிணைப்பு மீண்டும் பிரிந்து பழைய இரண்டாகப் போகத் தொடங்குவதும் ஏறத்தாழ 200 டிகிரியில்தான். முடிச்சு அவிழும் சூடும் கயிறே இற்றுப்போகும் சூடும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முடிச்சின் உருகுநிலையை நீங்கள் 240-க்கு உயர்த்திவிட்டால், அதை வார்ப்பதற்காக அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகும்போதே சங்கிலி அறுந்து, வார்த்தெடுத்த பாகம் பிறக்கும்போதே நோயாளியாகப் பிறக்கும். ஆகவே, உருக்கி வார்க்கக்கூடிய பாலியூரித்தேன் ஒன்று 300 டிகிரியில் வேலை செய்யும் என்று யாரேனும் சொன்னால், அதை எப்படி வார்த்தீர்கள் என்று கேட்டாலே போதும்.

வேதியியலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. முடிச்சில் உள்ள மூலக்கூறைக் குட்டையாகவும் விறைப்பாகவும் இரு பக்கமும் ஒத்ததாகவும் தேர்ந்தால், கடினப் பகுதிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். மென்பகுதியோடு கலந்து குழம்பாமல் தனித்து நிற்கும். பாரா-ஃபினைலீன் டைஐசோசயனேட், நாப்தலீன் டைஐசோசயனேட் ஆகியவற்றை எம்டிஐக்குப் பதிலாக வைப்பது இதற்காகத்தான். இவற்றால் கிடைக்கும் பாகம், முடிச்சின் உருகுநிலை பெரிதாக மாறாத இடத்திலும்கூட, 100 டிகிரியில் தன் விறைப்பைக் குறைவாகவே இழக்கும். மடக்கி மடக்கி விட்டாலும் உள்ளே குறைவாகவே சூடேறும். ஆனால் விலை பலமடங்கு, கையாள்வதும் கடினம். டையாலின் இடத்தில் பியூட்டேன்டையாலுக்குப் பதிலாக ஹைட்ரோகுயினோனில் இருந்து பெறும், நடுவே பென்சீன் வளையம் கொண்ட டையாலை இடுவது சற்றே எளிய வழி. பழகிய எம்டிஐயோடே அது வேலை செய்யும், அமுக்கத்தில் நிரந்தரமாகச் சப்பையாகிவிடும் குறையையும் தெளிவாகக் குறைக்கும். கடினப் பகுதியின் பங்கையே கூட்டிவிடுவது மூன்றாவது வழி. அது சோம்பேறியின் வழி என்பேன்: வெப்பம் தாங்குவது கூடும், ஆனால் ரப்பரைக் கேட்டவருக்குப் பிளாஸ்டிக்கைக் கொடுத்தது போலாகிவிடும்.

முடிச்சைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; துணியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தங்கள் கட்டுரையும் அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. பல மாதங்கள் வெப்பத்தில் இருக்கும் பாகத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மென்பகுதிதான். பாலியெஸ்டர் வகை மென்பகுதி உலர்ந்த சூட்டையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். வெந்நீரும் நீராவியும் பட்டால் அதன் எஸ்டர் பிணைப்பு நீரால் வெட்டுண்டு போகும். பாலிஈதர் வகை நீருக்கு அஞ்சாது; சூடான காற்றின் ஆக்சிஜன் அதைத் தின்றுவிடும், ஆகவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை நம்பியே அது வாழ்கிறது. பாலிகேப்ரோலேக்டோன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பாலிகார்பனேட் மென்பகுதி நீர், வெப்பம் இரண்டையும் ஒருசேரத் தாங்கும். விலை கூடுதல், குளிரில் சற்று விறைக்கும். டர்பனில் குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில், வடக்குக் கடற்கரைப் பக்கம் உள்ள ஓர் ஆலையில் கரும்புச்சாற்று பம்புகளுக்கும் மோட்டாருக்கும் இடையில் வரும் இணைப்பின் நட்சத்திர வடிவச் செருகல்களைச் செய்து கொடுத்தோம். ஃபிட்டர்கள் அதை ஸ்பைடர் என்பார்கள். தெளியவைப்பதற்கு முன் சாற்றைக் கொதிநிலைக்குச் சற்று மேலாகச் சூடாக்குவார்கள் என்பதால் அந்தப் பம்புகளின் பக்கத்தில் நிற்பதே வேள்விக்குண்டத்தின் அருகே நிற்பது போலிருக்கும். எங்கோ ஒரு மூட்டில் எப்போதும் ஆவி கசிந்துகொண்டிருக்கும். மூன்று மாதத்தில் செருகல்கள் பழைய சோப்புக் கட்டி போல வெடித்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. வெப்பம் தாங்கவில்லை என்று ஆலையில் முடிவு செய்தார்கள்; நாங்களும் அப்படியே நம்பினோம். பட்டியலில் இன்னும் உயர்ந்த வெப்பநிலை குறித்திருந்த, சற்றே கடினமான வகையை வாங்கி மீண்டும் செய்து கொடுத்தோம். அது பத்து வாரம்கூடத் தாங்கவில்லை. இரண்டுமே பாலியெஸ்டர் வகை என்பதை யாரும் கவனிக்கவில்லை. உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்த ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருக்காரர், ‘தம்பி, சூட்டில் போனது கையில் ஒட்டும், இது உதிர்கிறது, தண்ணியில் போனது’ என்றார். வேதியியல் படிக்காத அவர் சொன்னதைத்தான் பிறகு ஆய்வுக்கூடமும் சொன்னது. பாலிஈதருக்கு மாறியபோது உதிர்வது நின்றது. ஆனால் மோட்டார் பக்கத்துச் சூட்டில் செருகலின் கைகள் மெல்லமெல்லச் சப்பையாகி இணைப்பில் ஆட்டம் கண்டது. பாலிகார்பனேட் மென்பகுதியும் வளைய டையாலும் கொண்ட வகையை வாங்கி, வார்த்தபின் முறையாக அடுப்பில் பதப்படுத்திக் கொடுத்த பிறகே ஒரு பருவம் முழுவதும் அது ஓடியது. முதல் இரண்டு தோல்விகளிலும் எங்கள் சான்றிதழில் இருந்த வெப்பநிலை எண் பொய்யில்லை. அது உலர்ந்த காற்றுக்குரிய எண் என்பதை மட்டும் அந்தத் தாள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்னொரு வகை வெப்பமும் உண்டு. அது வெளியில் இருந்து வருவதே இல்லை. கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்டின் பாலியூரித்தேன் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி மீள்கிறது. மீளும்போது வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக உள்ளேயே வைத்துக்கொள்கிறது. இப்பொருள் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும் என்பதால் அந்தச் சூடு நடுவிலேயே தேங்கும். கையால் தொட்டுப் பார்த்தால் மேற்பரப்பு இளஞ்சூடாக இருக்கும். உள்ளே, இரும்பு வளையத்தோடு ஒட்டும் இடத்துக்கு அருகே, ரப்பர் ஏற்கெனவே தேனாகியிருக்கும். இத்தகைய சக்கரத்துக்கு எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்பதைவிட, ஒவ்வோர் அமுக்கத்திலும் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்கும் என்று கேட்பதே பொருத்தம். துறைமுகத்தையும் கிடங்குகளையும் நம்பி வாழும் எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரியான குருணையை வாங்கிவிட்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. இக்குருணை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். வார்ப்பதற்கு முன் ஈரம் 0.02 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை உலர்த்தியாக வேண்டும். ஈரத்தோடு உருக்கினால் சங்கிலி அறும், குமிழ் விழும். ஓட்டோ பேயரின் ஆரம்பகால மாதிரிகளில் குமிழ்கள் நிறைந்திருந்ததைப் பார்த்து, இது ஓட்டை விழுந்த சுவிஸ் சீஸின் போலியைச் செய்யத்தான் உதவும் என்று எள்ளினார்கள் என்றொரு கதை இத்தொழிலில் உண்டு. அந்தக் குமிழில் இருந்துதான் பிற்காலத்தில் மெத்தை நுரைத் தொழிலே எழுந்தது என்பது வேறு விஷயம். பிப்ரவரி மாத டர்பன் காற்றில் உலர்த்திய குருணையை அரை மணி நேரம் திறந்து வைத்தாலே போதும், சீஸ் தயார்.

வார்த்த பாகத்தை 100 டிகிரியை ஒட்டிய அடுப்பில் பதினைந்து, இருபது மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவது அடுத்த கட்டம். அச்சில் அவசரமாக ஆறியபோது அரைகுறையாக விழுந்த முடிச்சுகள் இந்த நேரத்தில்தான் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். எஞ்சியிருக்கும் ஐசோசயனேட் முனைகள் வினையாற்றி முடியும். அமுக்கத்தில் சப்பையாகும் குறை வெகுவாகக் குறையும். விலை உயர்ந்த வகையை வாங்கிவிட்டு இந்த அடுப்பு நேரத்தை மிச்சப்படுத்துவோர், நெய்யை வாங்கி வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் பண்டம் செய்ய முயல்பவர்கள். எங்கள் நாட்டில் இதற்கு ஒரு தனித் துன்பம் சேர்ந்தது. லோட் ஷெட்டிங் கடுமையாக இருந்த 2023-இல் இரண்டு மணி, நான்கு மணி நேரம் என்று மின்சாரம் போகும். உலர்த்தி பாதியில் நிற்கும், அடுப்பு ஆறிப்போகும். இயந்திரத்தின் குழலுக்குள் 200 டிகிரியில் நின்றுபோன உருகல் அங்கேயே சிதைந்து நுரைத்து, மின்சாரம் திரும்பியவுடன் வெடிப்புச் சத்தத்தோடு வெளியே பீறிடும். விட்ட இடத்தில் இருந்து அடுப்பைத் தொடர்ந்தால் கணக்குச் சரியாக வருமா என்று நாங்கள் பலமுறை விவாதித்து, கடைசியில் முழு நேரத்தையும் முதலில் இருந்தே வைப்பது என்று தீர்மானித்தோம். அந்த மாதங்களில் செய்த பாகங்களைத் தனியே குறித்து வைத்திருக்கிறேன்.

உருகல் சிதையும்போது வரும் புகையைப் பற்றித் தங்கள் கட்டுரை ஏதும் சொல்லவில்லை. முன்பே சொன்னபடி, யூரித்தேன் பிணைப்பு பிரிந்தால் மீண்டும் ஐசோசயனேட்டே வெளிவரும். அதை மூச்சோடு உள்வாங்கிப் பழகியவருக்கு ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். ஐசோசயனேட் என்றதும் நம்மவர்களுக்கு 1984 டிசம்பரில் போபாலில் நடந்தது நினைவுக்கு வரும். அது எளிதில் ஆவியாகும் மெத்தில் ஐசோசயனேட், இதுவோ வேறு சேர்மம், அந்த அளவுக்கு ஆவியாகாதது. ஆனால் சூடான நிலையில் அலட்சியம் காட்டலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட் முதல் டைஐசோசயனேட் கையாளும் தொழிலாளர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளது. தென்னாப்பிரிக்காவிலும் அபாயகரமான வேதிப்பொருள்கள் குறித்த 2021 விதிமுறைகள் முதலாளியின் கடமையை வரையறுக்கின்றன. இயந்திரத்தின் மூக்குக்கு மேலே உறிஞ்சு குழாய் இல்லாத கூடங்களை நான் இன்னும் பார்க்கிறேன்.

மைத்துனருக்கு நான் எழுதி அனுப்பியதையே இங்கும் எழுதுகிறேன். வாங்குபவர்கள் வேறு யாருக்கேனும் உதவலாம். ‘எத்தனை டிகிரி தாங்கும்’ என்று ஒற்றை எண்ணைக் கேட்காதீர்கள். பாகத்தை நான்கில் ஒரு பங்கு அமுக்கி, 70 டிகிரியிலும், உங்கள் இடம் சூடானது என்றால் 100 டிகிரியிலும், ஒரு நாள் வைத்து விடுவித்தபின் அது எவ்வளவு மீளாமல் நிற்கிறது என்ற கம்ப்ரஷன் செட் எண்ணைக் கேளுங்கள். வார்த்தவுடன் எடுத்த எண்ணா, பதப்படுத்தியபின் எடுத்ததா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு உங்களை வியக்கவைக்கும். சூடான காற்றடுப்பில் வாரக்கணக்கில் வைத்தபின் இழுவலிமை எவ்வளவு எஞ்சுகிறது என்று கேளுங்கள். நீராவி படும் இடமாக இருந்தால் அதே சோதனையை வெந்நீரில் கேளுங்கள். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்ற பழைய கைக்கணக்கு தோராயமானதே என்றாலும், 80 டிகிரிக்கென்று வாங்கிய பாகத்தை 100 டிகிரியில் மாட்டுவதன் விலை என்ன என்பதைக் கொள்முதல் பிரிவுக்குப் புரியவைக்க அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. வழக்கமான வகைகளுக்குத் தொடர்ந்த வேலையில் 80 டிகிரி, தேர்ந்த வகைகளுக்கு 110 முதல் 120 வரை, சிறு நேரத்துக்கு அதற்குச் சற்று மேலே என்பதே இன்று நேர்மையாகச் சொல்லக்கூடிய எல்லை. அதற்கு மேலே வேண்டுமென்றால் சிலிக்கோன் ரப்பரோ ஃபுளூரோ ரப்பரோ இருக்கின்றன, 200 டிகிரியிலும் வேலை செய்யும். ஆனால் சிலிக்கோன் கிழிசலுக்கும் தேய்மானத்துக்கும் எளிதில் இரையாகும், ஃபுளூரோ ரப்பரின் விலை கொள்முதல்காரரைத் தூங்கவிடாது. பாலியூரித்தேனைத் தேடி வருவோர் பெரும்பாலும் அதன் தேய்மானத் தாங்குதிறனுக்காகவே வருகிறார்கள் என்பதால், அந்த எல்லையைப் பத்துப் பதினைந்து டிகிரி உயர்த்துவதுகூட ஆலைகளுக்குப் பெரிய காரியம். தங்கள் கட்டுரை விவரித்த ஆய்வின் உண்மையான மதிப்பும் அந்தப் பத்துப் பதினைந்து டிகிரியில்தான் இருக்கக்கூடும். 300 என்ற எண் அதை மறைத்துவிட்டது.

வார்த்தபின் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி நிரந்தரக் குறுக்குப் பிணைப்பு உண்டாக்கும் முறையையும், சங்கிலிக்குள் இமைடு, ஐசோசயனுரேட் போன்ற வளையங்களைப் புகுத்தும் முறையையும் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். மின்கம்பி உறைகளில் முதலாவது முறை நடைமுறையிலேயே உண்டு. அங்கும் ஒரு விலை இருக்கிறது: முடிச்சைப் பற்றவைத்துவிட்டால் மீண்டும் உருக்கி வார்க்க முடியாது, கழிவு கழிவாகவே போகும். மறுசுழற்சிக்காகவே வெப்ப இளகு வகையைத் தேர்ந்தவர் அதை அறிந்து தேர வேண்டும்.

ஆகவே, அந்த வரியை ‘நைட்ரஜன் சூழலில் 300 டிகிரியை ஒட்டி எடையிழக்கத் தொடங்குகிறது, தொடர்ந்து பயன்படுத்தக்கூடிய வெப்பநிலை இதைவிட மிகக் குறைவு’ என்று திருத்தி, வரும் இதழிலேயே ஒரு குறிப்பு வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இப்போது பிப்ரவரி. எங்கள் ஆலைகள் பழுதுபார்ப்புக்காக நிற்கும் காலம் இது. ஏப்ரலில் அரவை தொடங்குவதற்குள் உதிரிபாகங்களுக்கான ஆணைகள் எழுதப்பட்டுவிடும். என் மைத்துனர் மார்ச் முதல் வாரத்தில் தமது ஆணையில் கையெழுத்திடுகிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
பாலியூரித்தேன் வார்ப்புக் கூடத் தரச் சோதனையாளர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா.